தீர்மானம் போட்டு வந்த தாய்மாமன்

ராசா,

நல்லா இருக்கியா என்று கேட்டுத் தொடங்கப்போவதில்லை. கல்யாணம் நெருங்கும் நேரத்தில் எந்த மாப்பிள்ளையும் நன்றாக இருக்க மாட்டான். உன் அப்பா அந்த நாட்களில் ஒரு காலில் ஒரு செருப்பும் இன்னொரு காலில் வேறு செருப்புமாகப் பிறையில் இருந்த பேக்டரிக்கு வேலைக்குப் போனவர். நீ கோலாலம்பூரில் தனியாக இருந்துகொண்டு மண்டபம், மேளம், சாப்பாடு என்று எல்லாவற்றையும் நீயே பார்க்கிறாய். அதற்கே உனக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். அதைப் போட்டுவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ வெள்ளிக்கிழமை அனுப்பிய குரல் செய்தியை நானும் அப்பாவும் அடுப்படியில் நின்றபடியே கேட்டோம். மண்டபம் சின்னது, பெண் வீட்டுச் சொந்தமே பாதி மேசைகளை நிரப்பிவிடும், அதனால் நம் பக்கம் சொந்தக்காரர்களை மட்டும் கூப்பிடுவோம் என்றாய். மன்றம், காலை நடைக் குழு, பேக்டரி பஸ் கூட்டம் எல்லாருக்கும் பிறகு தனியாக ஒரு தேநீர் விருந்து வைத்துக்கொள்ளலாம் என்றாய். என் அண்ணன், அந்தப் புக்கிட் தெங்கா மாமா, போன் பண்ணினார், தாய்மாமன் சடங்கை அவரே செய்கிறாராம், பெண் வீட்டிலும் சொல்லிவிட்டேன் என்றாய். கடைசியில் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னாய்: "எதுக்கும்மா நமக்கு மட்டும் இத்தனை சங்கம்? அவங்க வீட்ல பெரியப்பா, சித்தப்பா, அத்தைன்னு சொல்றாங்க. நம்ம வீட்ல தலைவர், செயலாளர், பொருளாளர்னு சொல்றோம். கேக்கறவங்க சிரிக்கிறாங்க லா." நானும் சிரித்துவிட்டேன். உன் அப்பாதான் சிரிக்காமல் போய்த் துணி மடிக்க ஆரம்பித்தார். அவர் தானாகத் துணி மடித்தால் மனம் சரியில்லை என்று அர்த்தம். குரல் செய்தியில் பதில் சொல்ல எனக்கு வராது, பாதியில் விரல் வழுக்கிவிடும், இல்லையென்றால் குக்கர் விசில் அடிக்கும். மன்றத்துக்குப் பல வருஷம் கூட்டக் குறிப்பு எழுதிக் கொடுத்த கை இது, அதற்கு எழுதத்தான் வரும். அதனால் எழுதுகிறேன், நீ பொறுமையாக உட்கார்ந்து படி.

முதலில் உன் கேள்வி. ஒரு வேலைக்காகவோ ஓர் ஆசைக்காகவோ சேருகிறவர்களுக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று இந்த வாரம் முழுக்க யோசித்துப் பார்த்தேன். சங்கம், மன்றம், கழகம், பேரவை, சபை, வட்டம், குழு, அணி. இதெல்லாம் பலகையில் எழுதி மாட்டுகிற பெயர்கள். மாட்டாத பெயர்களும் உண்டு, கூட்டம், செட்டு, இப்போது குரூப். நம் ஊரில் நண்பனையே கூட்டாளி என்றுதானே சொல்கிறோம்? தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் உன் அப்பா, இவர்களெல்லாம் என் கூட்டாளிகள் என்று பெருமையாக அறிமுகம் செய்ய, அவர் கொஞ்சம் தயங்கி, என்ன தொழில் சார் செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். எனக்கு இவை ஒவ்வொன்றிலும் அனுபவம் உண்டு. சங்கம் என்றால் நாற்காலிக்குச் சண்டை நடக்கும். பேரவையில் மாலை நிறைய விழும், யாருக்கு ஏன் விழுகிறது என்று தெரியாது. குழுவில் வேலை நடக்கும், ஆகவே ஆள் குறைவாக இருப்பார்கள். கூட்டத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும்.

எங்கள் பஸ் கூட்டம் அப்படிப்பட்டதுதான். விடியற்காலையில் நம் பிளாட் வாசலில் ஏறிப் பாலம் தாண்டிப் பிறையில் இறங்குகிற பேக்டரி பஸ். அதற்குத் தலைவி கிடையாது, சந்தா கிடையாது, பெயரும் கிடையாது. ஒரே டப்பா நெத்திலிச் சம்பல் முன் சீட்டில் கிளம்பி, பின் சீட்டுக்குப் போகும்போது காலியாக இருக்கும். நான் உன் பிரசவத்துக்கு லீவில் இருந்த காலம் முழுக்க என் ஜன்னல் சீட்டில் யாரையும் உட்கார விடவில்லையாம். புதிதாக வேலைக்கு வந்த பெண் யாராவது உட்காரப் போனால், அது ஆள் வர்ற சீட்டு என்று எழுப்பிவிடுவார்களாம். நான் திரும்பி வந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. பெற்ற வீட்டில் எனக்கு அப்போது ஒரு பாய் விரிக்கக்கூட இடம் இல்லை, ராசா. பஸ்ஸில் ஒரு ஜன்னல் சீட்டு இருந்தது.

அந்தக் கதையை நீ ஒரு வரியில் தெரிந்து வைத்திருக்கிறாய். அம்மா அப்பா காதல் கல்யாணம், அம்மா வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நிபோங் திபால் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் உன் அப்பாவைப் பற்றிச் சொன்ன அன்று, என் அண்ணன் அவருடைய படிப்பைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை, குணத்தைக் கேட்கவில்லை. என்ன சாதி என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன். இனிமேல் எனக்குத் தங்கச்சி இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். உன் அப்பாவுக்கோ சின்ன வயதிலேயே பெற்றவர்கள் போய்விட்டார்கள். ஆகவே பதிவுத் திருமணம் நடந்த அன்று எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம் என்று சொல்ல ஒரு காக்கைகூட இல்லை. உன் அப்பாவின் மன்றத்து ஆட்கள்தான் வந்தார்கள். பாதிப் பேர் பெண் வீட்டார் பக்கமும் பாதிப் பேர் மாப்பிள்ளை வீட்டார் பக்கமும் பிரிந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாராக உட்கார்ந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாம்பாரில் உப்பு இல்லை என்று குறைகூடச் சொன்னார்கள், கல்யாணம் என்றால் அதெல்லாம் இருக்க வேண்டுமாம். அந்தச் சிரிப்பில்தான் நான் அன்றைக்குத் தப்பித்தேன்.

மன்றம் அப்போது டத்தோ கிராமாட் சாலையில் ஒரு சீனர் சைக்கிள் கடைக்கு மேலே, ஓர் அறையில் இருந்தது. ஒரு கேரம் பலகை, பழைய நாளிதழ்கள், காற்று வராத ஒரு காற்றாடி. அதற்குப் பெயர் வைக்க மட்டும் வாரக்கணக்கில் கூடிப் பேசியிருக்கிறார்கள். சங்கம் என்று வைத்தால் முதலாளிகள் தொழிற்சங்கம் என்று பயந்து வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்றார் ஒருவர். கழகம் என்றால் கட்சி என்று நினைப்பார்கள் என்றார் இன்னொருவர். குழு என்றால் நாலு பேர் மாதிரி இருக்கிறது, நாம் இருபது பேர் இருக்கிறோமே என்றார் மூன்றாமவர். கடைசியில் மன்றம் என்று முடிவாகி, பதிவு செய்யப் போனால், அங்கே எல்லாவற்றுக்கும் மலாயில் ஒரே சொல்தான், பெர்சத்துவான். இவ்வளவு சண்டையும் எதற்கு என்று கேட்டால் உன் அப்பா, நமக்குள்ள தெரிய வேணாமா என்பார். அவர்கள் எதைச் செய்தாலும் முறைப்படி செய்வார்கள். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கை தூக்குவார்கள். புதுத் துடைப்பம் வாங்கவும் அப்படித்தான். அவர்களுக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. யாரும் ஏற்க விரும்பாத பொறுப்பு வந்தால், அன்று கூட்டத்துக்கு வராதவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

உனக்குக் காது குத்த நாள் பார்த்தபோது, தாய்மாமன் மடி வேண்டும் என்ற பேச்சு வந்தது. நான் என் அண்ணனுக்கு ஆள் மூலம் நாளையும் நேரத்தையும் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. உன் அப்பா அதை மன்றத்தில் வாய்தவறிச் சொல்லிவிட, அடுத்த கூட்டத்தில் அது ஒரு விவாதப் பொருளாகவே வந்துவிட்டது. குழந்தைக்குத் தாய்மாமன் தேர்வு. நான் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்தேன், அதையும் தலைப்பாக எழுதி அடிக்கோடு போட்டேன். இரண்டு பேர் போட்டிக்கு நின்றார்கள். நான்தான் மூத்தவன் என்றார் ஒருவர், என் மடிதான் அகலம் என்றார் மற்றவர். பேச்சு முற்றிக் கேரம் பலகையைத் தட்டுகிற அளவுக்குப் போனதும், தலைவர் சண்டையை நிறுத்த வழக்கமான வழியைப் பிடித்தார். பிறையில் சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிற சுப்பையா அன்று ஷிப்டுக்குப் போயிருந்ததால் கூட்டத்துக்கு வரவில்லை. 'குழந்தையின் தாய்மாமனாகத் திரு. சுப்பையா ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்று என் கையாலேயே எழுதினேன்.

மறுநாள் காலையில் சுப்பையா வேலை உடுப்போடு நேராக நம் வீட்டுக்கு வந்து, கல்யாணமே ஆகாதவன் மடியில் பிள்ளையா, இவனுங்களுக்கு அறிவிருக்கா என்று உன் அப்பாவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். எல்லாம் திட்டி முடித்த பிறகு தொட்டிலைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், பொறுப்பு எத்தனை வருஷம் என்று கேட்டார். மன்றச் சட்டப்படி ஒரு வருஷம், பிறகு ஆண்டுக் கூட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்றார் அப்பா. சரி, ஒரு வருஷம்தானே என்று ஒத்துக்கொண்டார். காது குத்திய அன்று நீ அவர் வேட்டியை நனைத்தாய், பிறகு அவர் கட்டைவிரலைக் கடித்தாய். ஆசாரி ஊசியை எடுத்ததும் நீ அழுதாய், உன்னைவிட அவர் அதிகமாக அழுதார். அதுவரை என்னை அண்ணி என்று கூப்பிட்டவர், அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது, அக்கா, துண்டு எங்க இருக்கு என்று கேட்டார். உன் அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு மாமா என்று கூப்பிட ஆரம்பித்தார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. பொறுப்பு என்று வந்துவிட்டால் அதற்குரிய முறையும் வந்துவிட வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் யாரும் போட்டிக்கு வரவில்லை. வந்தால் கையை உடைத்துவிடுவேன் என்று சுப்பையா முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று கேள்வி. ஒவ்வொரு வருஷமும் செயலாளர் அறிக்கை, பொருளாளர் அறிக்கை வாசித்த பிறகு அவர் எழுந்து நின்று தாய்மாமன் அறிக்கை வாசிப்பார். 'பையன் நலம். பல் முளைத்துவிட்டது.' 'பையன் நலம். சைக்கிள் ஓட்டுகிறான். முழங்காலில் தையல்.' 'பையன் நலம். கணக்கில் மோசம், ஓட்டப்பந்தயத்தில் முதல்.' அதற்கும் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, அறிக்கை ஏற்றுக்கொள்ளப்படும். நீ கணக்கில் மோசம் என்பதை இருபது பேர் ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. இதையெல்லாம் நீ பெரியவர்களின் விளையாட்டு என்று நினைத்திருப்பாய். விளையாட்டுத்தான். ஆனால் அந்த விளையாட்டை ஒரு வருஷம்கூட அவர்கள் விட்டதில்லை.

நீ படிவம் ஐந்தில், பதினேழு வயதில் இருந்தபோது நடந்ததை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன், கோபப்படாதே. மன்றம், சங்கம் எல்லாம் கேட்டுப் பழகிய காதுக்கு நீ ஒரு புதுச் சொல்லைக் கொண்டுவந்தாய். 'நம்ம கேங்.' மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திக்கொண்டு மாலையில் அந்தச் செண்டோல் ஐஸ் வண்டிப் பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரே மாதிரி கறுப்புச் சட்டை. அந்தச் சொல்லே எனக்கு ஆகாது, நம் பிளாட்டிலேயே அந்தச் சொல்லால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இருக்கிறாள். அப்பா அடிக்கப் போனார், நான் தடுத்தேன். சுப்பையா யாரையும் தடுக்கவில்லை, அடிக்கவும் இல்லை. மறுநாள் மாலை வேலை முடிந்து தலைக்கவசத்தோடு வந்து உங்கள் நடுவில் உட்கார்ந்து, நானும் இந்த கேங்கில் சேருகிறேன் என்றாராம். செயலாளர் யார் என்று கேட்டாராம். இல்லை என்றதும், செயலாளர் இல்லாமல் எப்படி நடத்துகிறீர்கள், நாளைக்கு ஒரு கூட்டம் போடுவோம், நோக்கம் என்ன, சட்டதிட்டம் என்ன, எல்லாம் எழுதிவிடலாம் என்றாராம். தினமும் வந்தாராம். கறுப்புச் சட்டைக்குச் சந்தா பிரிக்கத் தீர்மானம் போட்டபோது பாதிப் பையன்கள் காணாமல் போனார்கள், பொருளாளர் தேர்தல் அன்று மீதிப் பேரும் போய்விட்டார்கள். நீயும் சுப்பையாவும் மட்டும் உட்கார்ந்து செண்டோல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தீர்கள். அன்றைக்கு நீ சலித்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: "சாவடிக்கிறாரும்மா இந்த மாமா." அந்தச் சலிப்புக்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

இனி என் அண்ணன். போன மாதம் அவர் எனக்குப் போன் செய்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கேட்காத குரல், என்றாலும் ஒரு சொல்லில் தெரிந்துவிட்டது. பாலத்தைத் தாண்டினால் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய புக்கிட் தெங்காவில் இத்தனை காலம் இருந்த மனிதர். அண்ணி போன வருஷம் தவறிவிட்டாராம், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்களாம். தங்கச்சி, என் கடமையை ஒன்றாவது செய்து முடிக்கணும் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். பழையதையெல்லாம் கேட்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன், ஒன்றையும் கேட்கவில்லை. சாப்பிட்டீங்களா அண்ணே என்றுதான் கேட்டேன். பிறகு உன் எண்ணைக் கொடுத்தேன். நீ அவரிடம் சரி என்று சொன்னது நான் சந்தோஷப்படுவேன் என்பதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். உன் மேல் ஒரு குறையும் இல்லை.

ஆனால் நீ அப்பாவுக்கு அனுப்பிய அழைப்பிதழ் மாதிரியை அப்பா காதர் அண்ணன் கடையில் மன்றத்து ஆட்களிடம் போனில் காட்டியிருக்கிறார். காதர் அண்ணனின் நாசி கண்டார் சோற்றுக் கடைதான் இப்போது மன்றம், மேல்மாடி அறையை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. தாய்மாமன் என்ற இடத்தில் என் அண்ணன் பெயர் இருந்தது. கண்ணாடி கொண்டுபோகாததால் அப்பா அதைக் கவனிக்கவில்லை. சுப்பையா கவனித்தார். சாப்பிட்டு எழுந்தவர், மறுநாள் காலை வீட்டுக்கு வந்து, ஒரு ராஜினாமாக் கடிதத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "முறைப்படி குடுத்துடறேன்க்கா. ரத்த சொந்தம் வந்தாச்சு. நம்மளது டெம்ப்ரரி போஸ்ட்தானே" என்றார். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தேத்தண்ணி போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். நம் வீட்டில் அவர் தேத்தண்ணி வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பட்டு வேட்டி வாங்கிவிட்டேன், கடையில் மாற்றிக் கொடுப்பார்களா என்று கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ராஜினாமா என்று வந்துவிட்டால் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும், கூட்டம் செல்லுபடியாகப் பாதி உறுப்பினராவது வர வேண்டும். இது மன்றச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை காதர் அண்ணன் கடையில் கூட்டம் என்று சுப்பையாவே எல்லாருக்கும் சொல்லி வைத்தார். குறிப்பு எழுத நானும் போனேன். தலைவர் வந்தார், சுப்பையா இருந்தார், வேறு ஒருவரும் வரவில்லை. சுப்பையா ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு ஆயர் ஈத்தாமில் பெரிய மழை, ஒருவருடைய பேரப்பிள்ளைக்குப் பேதி. கடைசியாக உன் அப்பாவுக்குப் போட்டார். உன் அப்பாவின் போனில் இருக்கும் அந்த முருகன் பாட்டு, சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த சீனர் காப்பிக் கடையிலிருந்து சத்தமாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் முழங்கால் வலி, மழை, பேதி எல்லாம் ஒரே மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தன. உன் அப்பா போனைத் தொடையிடுக்கில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து நின்றார், கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஆள் பத்தலை. கூட்டம் ஒத்திவைக்கப்படுது. ராஜினாமாவ எடுத்துக்க முடியாது. பொறுப்பு தொடருது." நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

சுப்பையாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. எல்லாரும் சேர்ந்து விளையாடுறீங்களா என்று கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர்தான், அதற்குப் பிறகு யார் போனையும் எடுக்கவில்லை, என் போனையும் எடுக்கவில்லை. மன்றம் அவரை விடவில்லை. ஆனால் இன்னொருவர் இடத்தில் போய் நிற்கிற ஆள் இல்லை அவர். நான் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன். பயமாகத்தான் இருந்தது, ராசா. இத்தனை காலம் கழித்துக் கிடைத்த அண்ணனை ஒரே போனில் மறுபடியும் தொலைத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் உனக்கு எழுதிய இதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். கூட்டம், தேர்தல், வேட்டி, அறிக்கை, செண்டோல், ராஜினாமா எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வீட்டு வாசலில் லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் முடித்ததும், "காது குத்துறப்ப அவரா புடிச்சுக்கிட்டாரு?" என்று கேட்டார். ஆமாண்ணே என்றேன். பையன் அழுதானா என்றார். ரெண்டு பேரும் அழுதாங்க என்றேன். பிறகு, "அன்னிக்கு நான் லீவு போட்டிருந்தேன்" என்றார். "சட்டையெல்லாம் மாட்டிட்டு வீட்லயே உக்காந்திருந்தேன். பொழுது சாயற வரைக்கும்." அப்புறம் அவர், "அவரு உனக்குத் தம்பின்னா, எனக்கும் தம்பிதானே? மாலைய நான் எடுத்துக் குடுக்கறேன். அவரே போடட்டும்" என்றார். சுப்பையாவின் ஊர் எது, குடும்பம் எது, என்ன சாதி என்று என் அண்ணன் கேட்கவில்லை. முன்பு அவருக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான்.

ஆகவே மண்டபத்துக்கு வருகிறேன். மன்றத்தில் இப்போது இருப்பவர்கள் எட்டுப் பேர், பத்துப் பேர் உட்காரும் ஒரு மேசையில் முடிந்துவிடும், காதர் அண்ணனுக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் இடம் போக மிச்சமே இராது. பஸ் கூட்டத்துக்கு ஒரு மேசை போதும், நெருக்கி உட்காரப் பழகியவர்கள். நடைக் குழுவுக்கு வேண்டுமானால் தேநீர் விருந்து கொடு, அவர்களுக்குச் சர்க்கரை கூடாது, கோபிக்க மாட்டார்கள். அந்த மேசைகளில் மன்றம் என்றோ கூட்டம் என்றோ ஒன்றும் எழுதி வைக்காதே. எல்லாவற்றிலும் 'மாப்பிள்ளை வீட்டார்' என்று எழுது. அவர்களுக்கு அந்த வேலை பழக்கம்தான். சாம்பாரில் உப்பு இல்லை என்று யாராவது முகத்தைத் தூக்கினால் பெண் வீட்டாரைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவை.

உனக்கும் மருமகளுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். அவளுக்குச் சொந்தம் நிறைய இருக்கிறது, நல்லது, அதை அவள் நன்றாக அனுபவிக்கட்டும். அதோடு நீங்கள் குடியிருக்கப் போகிற இடத்தில் ஏதாவது ஒன்றில் இரண்டு பேரும் சேருங்கள். பூப்பந்து ஆடுகிறவர்களோ, கோயிலில் பாத்திரம் கழுவுகிறவர்களோ, புத்தகம் படிக்கிறவர்களோ, எதுவானாலும் சரி. அங்கே ஒரே ஆள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது உங்களுக்குப் பிடிக்காத வேலையை உங்கள் தலையில் கட்டுவார்கள், திட்டிவிட்டுச் செய்யுங்கள். சலிப்பாக இருக்கிற நாளிலும் போங்கள். எங்களுக்குக் கிடைத்த நல்லதெல்லாம் சலிப்பான நாளிலும் வந்து உட்கார்ந்தவர்கள் கொடுத்தது.

இப்போது உனக்கு இருப்பது ஒரே வேலை. சுப்பையாவுக்கு நீ போன் செய்ய வேண்டும். நாங்கள் கூப்பிட்டால் எடுக்க மாட்டார், உன் பெயரைப் பார்த்தால் எடுக்காமல் இருக்க அவரால் முடியாது. அழைப்பிதழை மாற்றி அச்சடிக்கச் சொல். தாய்மாமன் என்று இருக்கிற இடத்தில் தாய்மாமன்கள் என்று போட்டு, இரண்டு பெயரையும் எழுது. பெண் வீட்டில் யாராவது, முன்பு ஒருவர்தானே என்று சொன்னீர்கள், இந்த இன்னொருவர் யார் என்று கேட்பார்கள். மன்றக் கதையெல்லாம் அங்கே சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், விடிந்துவிடும். ஒருவர் என் அம்மாவின் அண்ணன், ஒருவர் என் அம்மாவின் தம்பி என்று சொல். என் அண்ணனே ஒத்துக்கொண்ட பிறகு அதில் பொய் ஏதும் இல்லை.

அம்மா